ஸ்டியரிங் பெட்டிக்குள் நான் பார்த்தது

மெக்கானிக் கரீம் பாய் மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது கிரீஸ்தான். கறுத்துக் கெட்டியாகி, பழைய புளி மாதிரி இருந்தது. அதை விரலால் வழித்து ஒரு தோல் துண்டில் தடவினார். எங்கள் ஆம்பூரில் கிரீஸ் துடைக்கப் பழந்துணி தேட வேண்டியதில்லை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் தோல் பதனிடும் டேனரிகளில் கழித்துப் போட்ட தோல் துண்டுகள் காலில் இடறும்.

வழித்தது போக மிச்சத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். கிரீஸ் கரைந்து வழிய, உள்ளே இருந்தது பளிச்சென்று வெளியே வந்தது.

ஒரு சாண்கூட நீளமில்லாத எஃகு உருளை. அதன் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு முளை மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இத்தனை பெரிய ஆஸ்பத்திரி வேனைத் திருப்புவது இதுவா என்று எனக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் அருள்தாஸ் நின்றிருந்தார். வாய் ஓயாத மனிதர் அன்றைக்கு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். காரணம் உண்டு. முந்தின நாள் அந்தப் பெட்டியின் திருகாணியை முடுக்கி, நல்ல வண்டியை ஓட்ட முடியாத வண்டியாக ஆக்கியவர் அவர்தான்.

போன வாரம் வரை பிரசவ வார்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் இந்த வாரம் எதற்கு மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைகிறாள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் வாயைப் பிளந்து பார்த்த அதிசயங்கள் என் ஆயுசில் கொஞ்சம்தான். சில பிரசவ வார்டில் இருந்தன. ஒன்று இந்த கிரீஸ் பெட்டிக்குள் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வண்டி உண்டு, ஆள் இல்லை

ஆம்பூருக்கு வெளியே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது வேலை பார்த்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் இருந்தது. உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஆம்புலன்ஸ் வண்டி அது. ராணுவப் பச்சையின் மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். மழை பெய்தால் பச்சை எட்டிப் பார்க்கும்.

வாரம் ஒரு நாள் அந்த வேன் பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை ஏறும். வழியெல்லாம் மரத்தடிகளில் நின்று நின்று போகும். மரத்தடியில் காத்திருப்பவர்கள் தொழுநோயாளிகள். ஊரில் அதைப் பெருநோய் என்றார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். அந்தக் காலத்தில்தான் அதற்கு மாத்திரை வந்திருந்தது. விடாமல் சாப்பிட்டால் நோய் மேலே போகாமல் நிற்கும். நடுவில் விட்டால் மறுபடி தலை தூக்கும். ஆகவே வண்டி எந்த வாரமும் நிற்கக் கூடாது.

"அவங்களே வந்து வாங்கிக்கலாமே?" என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஒரு பெரிய மனிதர் கேட்டார். எதில் வருவார்கள்? பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார். அவர் ஏற்றினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இறக்கிவிடுவார்கள். அந்தப் பெரிய மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே கேட்பது ஒரு சாமர்த்தியம்.

டிரைவர்களும் நிலைக்கவில்லை. ஒருவர் என்னிடம் வந்து, "வேலை ஒண்ணும் கஷ்டமில்ல சிஸ்டர். வூட்லதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று தலையைச் சொறிந்தார். அடுத்து வந்தவர் அதைக்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சாவி மட்டும் மேஜைமேல் இருந்தது. வண்டி ஷெட்டில் நின்றுவிட்டது.

அப்போதுதான் கோவிந்தன் நடந்து வந்தார்.

கோவிந்தன் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். விரலில் உணர்ச்சி மங்கி, நூல் அறுந்தது கைக்குத் தெரியாமல் போனதும் தறியை விட்டார். பிறகு குடும்பம் அவரை விட்டது. மலையடிவாரத்தில், நம் வண்டி நிற்கும் புளியமரத்துக்குப் பக்கத்தில் தனிக் குடிசை போட்டிருந்தார். வண்டி வராததால் மாத்திரைக்காக அங்கிருந்து ஆம்பூர் வரை நடந்தே வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கால் வைத்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. நான்தான் கத்தினேன். செருப்பின் அடியிலிருந்து ஒரு ஆணி மேலே எழும்பிப் பாதத்துக்குள் ஏறியிருந்தது. எங்கே ஏறியது என்று அவருக்குத் தெரியாது. வழி முழுக்க அதன்மேலேயே நடந்திருக்கிறார். "இன்னா சிஸ்டர், இன்னா ஆச்சி? யாருக்கு ரத்தம்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டிய கையோடு கமிட்டி முன்னால் போய் நின்றேன். வண்டியை நானே ஓட்டுகிறேன் என்றேன். சிரித்தார்கள். பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டால் வண்டி ஓடலாம். கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவார்கள், மலைப்பாதை வைத்தியமும் அத்தோடு சரி.

எனக்கு லைசென்ஸ் கிடைக்காது என்று நம்பித்தான் சம்மதித்தார்கள் என்பது என் கட்சி. இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

சின்னக் கார் கொடுத்த திமிர்

நான் ஒன்றும் தெரியாமல் துள்ளவில்லை. எங்கள் டாக்டரம்மா கடல் தாண்டி லீவில் போவதற்கு முன் தன் சின்னக் காரில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். அந்தக் காருக்கு ஒளிவு மறைவு கிடையாது. கை எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவுக்குச் சக்கரம் திரும்பும். நடுவில் திருப்பினாலும் சரி, ஓரத்தில் திருப்பினாலும் சரி, ஒரே கணக்கு.

அந்தத் திமிரில் வேனில் ஏறினேன்.

முதல் நாள் டேனரித் தெருவில் ஒரு திருப்பம். சின்னக் காரில் திருப்புவது போல ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை, நேராகப் போனது. இன்னும் திருப்பினேன். லேசாக அசைந்தது. பயத்தில் ஒரே இழுப்பாக இழுத்தேன். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று முழித்துக்கொண்டு மூக்கைத் திருப்பியது. தெருவைத் தாண்டி, ஒரு டேனரியின் காயப் போடும் களத்துக்குள் நுழைந்து, வரிசையாகத் தொங்கிய தோல்களுக்கு நடுவே போய் நின்றது. ஈரத் தோல் ஒன்று கண்ணாடியை மூடிக்கொண்டது. தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டை வாசனை மூக்கில் ஏறியது.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று ஒரு மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடிவந்தார். தோலை விலக்கினார். உள்ளே வெள்ளைப் புடவையும் நர்ஸ் தொப்பியுமாக நான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சிஸ்டருங்களா... பரவால்ல, பரவால்ல, வர்ற வழிதான்" என்றார். எதற்கு வர்ற வழி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அருள்தாஸிடம் முறையிட்டேன். "அந்த வண்டிக்கு ரெண்டு மனசுங்க. நடுவுல திருப்பினா கேக்க மாட்டேங்குது. ஓரத்துக்குப் போனா சொன்னதுக்கு மேல கேக்குது."

"ஒரு மிஷினுக்கு ஏது ரெண்டு மனசு? ஸ்டியரிங்ல கோளாறு இருக்கும். நான் வந்து பாக்கறேன்" என்றார்.

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தளர்ச்சி பொறுக்காத மனிதர்

அருள்தாஸுக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. தோலை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும், உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், கத்தி ஆழமாகப் போன இடம் எல்லாம் அவர் கையோடு பேசும். அந்தத் திறமையில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

கட்டிலின் நாடா தொய்ந்தால் அவருக்குப் பொறுக்காது, இழுத்துக் கட்டுவார். கொடிக் கயிறு தொங்கினால் இழுத்துக் கட்டுவார். எங்கள் வீட்டுக் கொடியில் ஈரப் புடவையைப் போட்டால் வீணைத் தந்தி மாதிரி சத்தம் வரும். எனக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது தொட்டிலையும் அப்படித்தான் கட்டியிருந்தார். குழந்தை தூங்க மறுத்தது. என் அம்மா வந்து தளர்த்திவிட்ட பிறகுதான் வீடு அமைதியானது.

அப்படிப்பட்டவர் மறுநாள் ஆஸ்பத்திரி ஷெட்டுக்கு வந்து வேனில் ஏறினார். ஸ்டியரிங்கை நேராக வைத்து லேசாக ஆட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார், தோலைத் தடவும்போது மூடுவது போலவே. பிறகு ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, அங்கே வைத்து ஆட்டினார். கண் திறந்தது.

"தோ பாரு ரூபி. நடுவுல கப்புனு பிடிச்சிக்கினு கீது. ஓரத்துல தொளதொளங்குது. இங்கதான் பேஜாரு."

நானும் ஆட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஸ்டியரிங்கில் ஆட்டம் ஜாஸ்தி. சக்கரம் அசையாமலே கையில் கொஞ்சம் சும்மா சுற்றியது.

பானெட்டைத் திறந்தார். ஸ்டியரிங் பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகாணி, அதன்மேல் ஒரு பூட்டு நட்டு. ஸ்டியரிங்கை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, ஆட்டம் துளியும் இல்லாமல் போகும் வரை அந்தத் திருகாணியை முடுக்கினார். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் பாரு. பலகையில இழுத்து ஆணி அடிச்ச தோலு மாதிரி கீது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயங்காலமே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்ற சட்டம் அன்றும் இருந்தது. ஆனால் சட்டம் பாலாற்றங்கரை வரை வந்து பார்த்ததில்லை.

ஆற்றங்கரையில்

கரையோரம் போகும் மண் சாலை. ஆற்றில் மணல்தான். ஓட்டத் தொடங்கியதுமே ஸ்டியரிங் கனமாக இருந்தது. இறுக்கிக் கட்டினால் கனமாகத்தானே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிரே ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. ஒதுங்குவதற்காக இடப்பக்கம் திருப்பினேன். ஸ்டியரிங் நடுவை விட்டு நகர மறுத்தது, யாரோ உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது போல. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பிடி விட்டது. வண்டி கரை ஓரத்துக்குப் பாய்ந்தது. வலப்பக்கம் திருப்பினேன். எந்த வண்டியும் வளைவு முடிந்ததும் தானாக ஸ்டியரிங்கை நேராகக் கொண்டுவரும், நாம் கையைத் தளர்த்தினால் போதும். இது வரவில்லை. நானே இழுத்தேன். நடுவுக்கு வந்ததும் மறுபடி இறுகிக்கொண்டது, வண்டி சாலையின் மறுபக்கம் போனது. மாட்டுவண்டிக்காரர் குதித்து இறங்கி மாடுகளைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி இடப்பக்கம் இழுத்து பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. கீழே நல்ல ஆழம்.

"நிறுத்து ரூபி, நிறுத்து!" என்றார் அருள்தாஸ்.

"நிறுத்தி ஆச்சு. நீங்க கண்ணத் தொறங்க."

திறந்தார். விளிம்பைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. விளிம்பைப் பார்த்தபோது என் உயிர் நினைவுக்கு வரவில்லை. வராந்தாவில் சிவப்பாக இருந்த அந்தக் கால் தடங்கள்தான் நினைவுக்கு வந்தன. இந்த வண்டி எனக்கு அடங்காது, அவர்கள் விற்றுவிடுவார்கள், கோவிந்தன் மறுபடி நடப்பார். அதுதான் என் அழுகை.

பள்ளத்தின் கதை

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டு கரீம் பாய் ஷெட்டுக்கு வந்தோம். மேல்விஷாரத்துக்காரர். ஆம்பூரில் வேன், லாரி என்றால் அவர்தான். நடந்ததைக் கேட்டதும் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஸ்டியரிங்க நேரா வச்சிக்கினு டைட் பண்ணணும் சாப். ஓரத்துல வச்சிப் பண்ணவே கூடாது."

"ஏன் பாய்?" என்றார் அருள்தாஸ். தொங்கிய முகத்தோடும் கேட்டார், அதுதான் அவர்.

"ஏன்னா? எனக்குத் தொழில் கத்துக்குடுத்த உஸ்தாது அப்படித்தான் சொன்னாரு. ஏன்னு யாரு கேட்டா?"

"ஆட்டம் ஓரத்துலதான கீது? ஆட்டம் எங்க கீதோ அங்கதான டைட் பண்ணணும்?"

பாய் ஸ்பானரை எடுத்தார். உள்ளேயே பார்த்துவிடலாம் என்று மூடியைக் கழற்றினார். சக்கரத்துக்குப் போகும் கம்பியையும் கழற்றிவிட்டு என்னிடம், "சிஸ்டர், மேல ஏறி மெதுவா சுத்துங்க. நாங்க இங்கேர்ந்து பாக்கறோம்" என்றார்.

ஏறிச் சுற்றினேன். கீழே இரண்டு தலைகள் பெட்டிக்குள் குனிந்திருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா தெரியுது, சொல்லுங்களேன்" என்றேன். இரண்டு தலையும் நிமிரவில்லை. இறங்கி, அருள்தாஸை மேலே ஏற்றிவிட்டு நான் குனிந்தேன்.

அவர் சுற்றச் சுற்ற உருளை சுழன்றது. முளை பள்ளத்தின் வழியே நகர்ந்தது. நடுவில் இருக்கும்போது அது நகர்ந்ததா என்றே சந்தேகம். அங்கே பள்ளம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடியது. உருளை சுற்றிக்கொண்டே இருக்க, முளை எறும்பு மாதிரி ஊர்ந்தது. பிறகு பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத் தொடங்கியது. ஓரத்துக்குப் போகப் போகச் சரிவு அதிகம். அருள்தாஸின் கை அதே வேகத்தில்தான் சுற்றியது. முளை மட்டும் இப்போது விறுவிறுவென்று ஓடியது.

"திரும்ப, திரும்ப" என்றேன். நடுவுக்கு வந்ததும் ஊர்ந்தது. மறு ஓரத்துக்குப் போனதும் ஓடியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வண்டிக்கு இரண்டு மனசு என்று நான் சொன்னேனே, அது பொய்யில்லை. யாரோ அந்த இரண்டு மனசையும் ஒரே பள்ளமாக வெட்டி உள்ளே வைத்திருந்தார்கள்.

அருள்தாஸ் இறங்கி வந்து, விரல் நகத்தைப் பள்ளத்துக்குள் விட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் நகம் நின்றது. ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

"நடுவுல பள்ளம் ஒரு மயிரிழை ஒடுக்கமா கீது. ஓரத்துல அகலமா கீது. அதான் அங்க ஆட்டம்" என்றார். மறுபடி ஒரு தடவை நகத்தை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இது தோலேதான் ரூபி. முதுகுல கெட்டி, வயித்துல தளர்ச்சி. நான் வயித்துத் தோல முதுகு மாதிரி ஆக்கப் பாத்திருக்கேன்" என்றார்.

தினமும் தோலோடு பழகுகிறவர். ஒரே மாட்டின் தோல்தான், முதுகெலும்பு ஓடும் இடம் இழுத்தாலும் கொடுக்காது, வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு வரும். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் ஒன்று கிழியும். அது அவருக்கு மூச்சு விடுவது போலத் தெரிந்த விஷயம். இரும்பிலும் அப்படி இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. இரும்பு என்றால் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

யாரோ யோசித்தது

இதன் நியாயத்தை நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டே பேசிப் பேசிக் கண்டுபிடித்தோம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நேர்ச் சாலையில் வண்டி வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் இருக்கும். அப்போது டிரைவருக்குத் தும்மல் வரலாம், பள்ளத்தில் விழுந்து கை உதறலாம். அந்தச் சின்ன அசைவுக்கெல்லாம் சக்கரம் திரும்பினால் வண்டி மரத்தில்தான் போய் நிற்கும். அதனால் நடுவில் கை நிறையத் திரும்ப வேண்டும், சக்கரம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். ஆனால் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் அதே கணக்கு இருந்தால், சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோகும். அதற்குள் வளைவு முடிந்து பள்ளத்தாக்கு வந்துவிடும். அங்கே கொஞ்சம் திருப்பினால் நிறையத் திரும்ப வேண்டும்.

ஓரத்தில் விட்டிருக்கும் ஆட்டத்துக்கும் காரணம் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பள்ளத்தின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். தேயத் தேயத் திருகாணியை முடுக்கி முளையை உள்ளே தள்ள வேண்டும். ஓரமும் அதே அளவு ஒடுக்கமாக இருந்தால், அப்படி முடுக்கிய பிறகு வளைவில் முளை சிக்கிக்கொள்ளும். என்றோ ஒரு நாள் தேயப்போவதை நினைத்து முதல் நாளே ஓரத்தில் இடம் விட்டு வெட்டியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஓரத்தில் சக்கரம் வேகமாகத் திரும்புவதால் கைக்குக் கனம் ஜாஸ்தி. வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு முழுக்கத் திருப்பப் பார்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும். கொஞ்சம் உருளவிட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். பாரம் அதிகம் ஏற்றுகிற சில வண்டிகளில் பள்ளத்தை இதற்கு நேர் எதிராக, ஓரத்தில் கை இலேசாகும்படி வெட்டுவதும் உண்டு என்று பாய் சொன்னார்.

என் பேரன் வாங்கும் கார்ப் பத்திரிகையில் வேரியபிள் ரேஷியோ ஸ்டியரிங் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள், ஏதோ நேற்று ராத்திரி கண்டுபிடித்தது போல. கையின் திருப்பத்துக்கும் சக்கரத்தின் திருப்பத்துக்கும் உள்ள விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதுதான் அது. இப்போது பல்சக்கரம், பல்தண்டு, மோட்டார் என்று என்னென்னவோ செய்கிறார்கள். சரி, நல்லது. நான் அதை ஒற்றைப் பள்ளத்தில் பார்த்தவள்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது எதற்கென்றால், அந்தப் பள்ளத்தை வரைந்த ஆள் என்னைப் பார்த்ததில்லை. பேரணாம்பட்டு மலைப்பாதை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஏதோ ஒரு தேசத்தில் மேஜைமுன் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு கை நேர்ச் சாலையில் எப்படி நடுங்கும், வளைவில் எப்படிச் சோர்ந்துபோகும் என்று யோசித்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் கை என்னுடையதாக இருந்தது. கிரீஸ் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த முகம் தெரியாத மனிதருக்காக ஜெபம் செய்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் யாருக்கும் சொல்லவில்லை.

பாய் ஸ்டியரிங்கை நேராக வைத்து, கையில் லேசான பிடிப்பு தெரியும் வரை மட்டும் திருகாணியை முடுக்கி, நட்டைப் பூட்டினார்.

பிரேக் இன்ஸ்பெக்டரின் கேள்வி

லைசென்ஸ் பரீட்சை வேலூர்க் கோட்டை மைதானத்தில். அந்தக் காலத்தில் பரீட்சை வைக்கும் அதிகாரியை பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அன்று வந்தவர் ஒல்லி, கையில் குடை, சிரிக்காத முகம். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாம் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கவென்றே சிலர் கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை ஆட்டினார். பிறகு என்னை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொன்னார். அங்கேயும் ஆட்டினார்.

"ஓரத்தில் ஆட்டம் இருக்கிறதே அம்மா. இதை டைட் பண்ணாமல் பரீட்சைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

வண்டி சரியில்லை என்று எழுதிவிட்டால் அத்தோடு முடிந்தது. கமிட்டிக் கூட்டத்துக்குள் இன்னொரு பரீட்சை கிடையாது. சரி சார், டைட் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சொல்வதுதான் மரியாதை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆற்றங்கரையின் விளிம்பு கண்முன் வந்தது.

"அதை டைட் பண்ணக் கூடாது சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஓரத்துல ஆட்டம் வேணும்னே விட்டது. அங்க இறுக்கினா நடுவுல பிடிச்சிக்கும். நேரா வச்சிப் பாருங்க, ஆட்டம் இருக்காது."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எங்க வீட்டுக்காரர் டைட் பண்ணாரு. ஆத்துல விழப் பாத்தோம்."

மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த அருள்தாஸ் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "இந்த மாதிரி வண்டி கொண்டுவருகிறவர்களிடம் இதைக் கேட்பேன். டைட் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்புறம் அது தப்பு என்று அவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "சரி, எட்டுப் போடுங்கள்."

எட்டுப் போட்டேன். ஸ்டியரிங் நடுவைக் கடக்கும்போது கையை நிதானமாக ஓடவிட்டேன். ஓரத்துக்குப் போனதும், முளை சரிவுக்கு வந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையை அடக்கினேன். உள்ளே நடப்பது எல்லாம் எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. வேன் எனக்காகவே செய்தது போல வளைந்து வந்தது. கடலை தின்றவர்கள் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

புளியமரத்து வளைவு

லைசென்ஸைக் கமிட்டியின் மேஜைமேல் வைத்தேன். அடுத்த வாரமே மலைப்பாதை.

புளியமரத்தடியில் கோவிந்தன் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்தது யார் என்று பார்த்ததும் எழுந்துவிட்டார். "நீங்களா சிஸ்டர்?" என்றார்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "ஏறுங்கண்ணே. புண்ணு இன்னும் ஆறல. மேல போய்ட்டு வரும்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

பின்கதவுப் பக்கம் நடந்தார்.

"அங்க இல்ல. முன்னாடி."

அவர் முன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஸ்ஸில் எந்த சீட்டும் இல்லாமல் போன மனிதர். ஏறி, கதவோடு ஒட்டிக்கொண்டு, சீட்டில் பாதிக்குமேல் படாமல் உட்கார்ந்தார். விரல் மடங்கிப்போன கைகளை மடியில் துண்டால் மூடிக்கொண்டார்.

புளியமரத்தைத் தாண்டியதும் முதல் கொண்டையூசி வளைவு. கியரைக் குறைத்தேன். திருப்பினேன். முதலில் வண்டி சோம்பலாக அசைந்தது. இன்னும் திருப்பினேன். முளை சரிவில் இறங்கியிருக்கும், வண்டியின் மூக்கு சட்டென்று உள்பக்கம் வந்தது. வேன் முழுசாக ஒரு வீச்சில் வளைந்து மேலே ஏறி நேரானது. கையைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பி நடுவில் வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தேன். கோவிந்தன் இரண்டு கையையும் துண்டுக்கு வெளியே எடுத்து நெஞ்சின்மேல் வைத்திருந்தார்.

"இன்னா ஆச்சிண்ணே? பயந்துட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். இப்ப என்னை ஏதோ இழுத்துச்சே. மெதுவா இழுத்து, அப்புறம் ஒரே தூக்கா..." என்று வார்த்தைக்குத் தேடினார். "எனக்குத் தெரிஞ்சிது. கையில தெரியாது, கால்ல தெரியாது. ஆனா இப்ப ஒடம்பு சாஞ்சிது பாருங்க, அது எனக்குத் தெரிஞ்சிது."

ஆணி ஏறியது தெரியாமல் அத்தனை தூரம் நடந்து வந்தவர் இதைச் சொன்னார். சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக முன்னால் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், இன்னும் வளைவு இருக்குதா?"

இருந்தது. மலை முழுக்க வளைவுதான்.